சுகிர்தாவின் எட்டு நிமிடங்கள்

காய்ச்சல் இறங்கிய நாலாம் நாள் பிற்பகல், மாசானம் கட்டிலை விட்டு எழுந்து சட்டையைத் தேடினார். பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அக்கா பேச்சியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கல கிளம்புத?"

"பிள்ளைக்குப் பசிக்கும்க்கா. பால் வாங்கணும்."

"எந்தப் பிள்ளைக்கு?"

மாசானம் சட்டையைக் கையில் பிடித்தபடி கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். வயது நாற்பத்தாறு. பொக்லைன் ஓட்டுகிறவர். கல்யாணம் ஆகவில்லை. பேச்சியம்மாள் பெற்ற மூன்றையுமே எட்ட நின்று கொஞ்சுவாரே தவிர, தூக்கச் சொன்னால், "கை முரடுக்கா, வேண்டாம்" என்று விலகிவிடுவார்.

"சிபாவுக்கு" என்றார் கடைசியில். அந்தப் பெயரைச் சொன்னதும் அவருக்கே முகம் வெளிறிவிட்டது. அப்படி ஒரு பிள்ளையை அவருக்குத் தெரியாது.

பேச்சியம்மாள் ஓடிப்போய் டாக்டர் ஃபௌசியாவைக் கூட்டிவந்தாள். ஃபௌசியா அந்த மருத்துவமனையின் நரம்பியல் மருத்துவர். சிபா என்ற பெயரைக் கேட்டதும் அவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். அந்த வாரத்தில் அந்தப் பெயரைச் சொன்ன ஏழாவது நோயாளி மாசானம்.

வாய்க்காலை ஒட்டிய இரண்டு தெருக்களில் இருந்து பதினொரு பேர் அந்த மூளைக்காய்ச்சலோடு வந்திருந்தார்கள். நாலு பேர் பிழைக்கவில்லை. மாசானம் அந்தத் தெருக்காரர் அல்ல. வாய்க்கால் தூர் வார வந்து, இரண்டு வாரம் வண்டியிலேயே படுத்து எழுந்தவர். பிழைத்த ஏழு பேர் ஒருவரோடொருவர் நெருக்கமானவர்கள் அல்ல. ஒரு ரேஷன் கடைக்காரர், ஒரு கல்லூரி மாணவி, எழுபது வயதுப் பெரியவர் ஒருவர். ஏழு பேருக்கும் ஒரே ஞாபகம் இருந்தது.

ஒரு பேருந்து நிலையம். சிமென்ட் பெஞ்ச். இடது தோளில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை தூங்குகிறது. அதன் எச்சில் கழுத்தோரம் நனைக்கிறது. கால்களுக்கு நடுவே பிதுங்கிய ஒரு பை. எதிரே நாகர்கோவில் பஸ் வந்து நிற்கிறது. ஏறணும், ஏறணும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. கண்டக்டர் விசில் ஊதுகிறார். அத்தோடு சரி. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்தக் கல்லூரி மாணவி கண்ணை மூடி அதை ஓட்டிப் பார்த்து, போனில் நேரம் பிடித்துச் சொன்னாள்: எட்டு நிமிடம்.

முதலில் ஃபௌசியா காய்ச்சல் பிதற்றல் என்றுதான் நினைத்தாள். ஆனால் ஏழு பேர் ஒரே பிதற்றலைப் பிதற்ற மாட்டார்கள். இறந்தவர்களின் கோப்புகளைப் புரட்டியபோது பதில் கிடைத்தது. முதலில் இறந்தவள் சுகிர்தா, வயது முப்பத்தொன்று. கணவன் செல்வின், மின்வாரியத்தில் லைன்மேன். ஒரே மகள் ஹெப்சிபா, வயது ஐந்தரை. வீட்டில் சிபா என்று கூப்பிடுவார்கள்.

மாசானத்திடம் இதைச் சொல்ல ஃபௌசியாவுக்கு ஒரு நாள் ஆனது.

"மூளைல ஒரு செல்லும் இன்னொரு செல்லும் எப்படிப் பேசிக்கும் தெரியுமா? சின்னச் சின்னக் கவர்ல போட்டு அனுப்பும். நாம தபால் போடுற மாதிரி. இந்த வைரஸோட மேல்தோலும் அந்தக் கவர் மாதிரியே இருக்கு. சுகிர்தா மூளைல இருந்து வெளிய வரும்போது, உள்ள ஒரு கடுதாசி மாட்டிக்கிச்சு. கொசு அதை உங்களுக்குக் கொண்டுவந்துடுச்சு."

"அப்ப எனக்குள்ள இருக்கது செத்துப்போன அந்தப் பொண்ணா?" என்று மாசானம் மெதுவாகக் கேட்டார்.

"இல்ல. அவங்களோட எட்டு நிமிஷம். அவ்வளவுதான்."

"ஆவி கீவின்னு சொல்லிராதீக டாக்டர், இவன் பயந்த பய" என்றாள் பேச்சியம்மாள்.

"ஆவி இல்லம்மா. கிருமி. மருந்து இருக்கு. அஞ்சு நாள் மாத்திரை. கிருமி இருக்கிற வரைக்கும்தான் அந்த ஞாபகமும் இருக்கும். கிருமி செத்தா அதுவும் போயிடும்."

மற்ற ஆறு பேரும் உடனே மாத்திரையைக் கேட்டு வாங்கினார்கள். இன்னொரு வீட்டுப் பெண்ணின் ஞாபகம் தனக்குள் இருப்பதில் பெரியவருக்கு வெட்கம். ரேஷன் கடைக்காரருக்கு, தான் அந்தப் பஸ்ஸில் ஏறிவிட்டோமோ என்று தூக்கத்தில் அலறல். மாணவி மட்டும், முதல் மாத்திரையை விழுங்கும்போது அழுதாள். "யாரோ ஒருத்தங்க அவ்வளவு கஷ்டத்துல உட்கார்ந்திருக்காங்க. நான் பாதில விட்டுட்டுப் போற மாதிரி இருக்கு மேம்."

செய்தி எப்படியோ வெளியே போனது. ஒரு தொலைக்காட்சி வண்டி வாசலில் வந்து நின்றது. சாகக் கிடக்கும் தன் அப்பாவை அந்தக் கொசு கடிக்க ஏற்பாடு செய்ய முடியுமா, அவர் ஞாபகத்தைத் தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மதுரையிலிருந்து ஒருவர் வந்து நின்றார். பைத்தியக்காரர் இல்லை, கல்லூரிப் பேராசிரியர். கொலை வழக்கு ஒன்றில் இதைச் சாட்சியாகப் பயன்படுத்தலாமா என்று ஒரு போலீஸ் அதிகாரி விசாரித்தார். மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: ஞாபகம் யாருடையது என்பதை யாருக்கும் தெரிவிக்கக் கூடாது, இறந்தவரின் குடும்பத்துக்கும் கூடாது. இறந்தவருக்கும் அந்தரங்கம் உண்டு.

அந்த வாக்கியம் சரியென்றே ஃபௌசியாவுக்குப் பட்டது. பையோடும் குழந்தையோடும் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், அதை ஊருக்குச் சொல்லச் சொல்லிவிட்டா செத்துப்போனாள்?

மாசானம் மட்டும் மாத்திரையைத் தள்ளிப்போட்டார்.

"ஒரு மூணு நாள் குடுங்க டாக்டர்."

"எதுக்கு?"

அவர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். கியர் பிடித்துக் காய்த்த கைகள். "எனக்கு யாரும் பிள்ளையத் தந்தது கிடையாது. நானும் கேட்டது கிடையாது. அது தோள்ல கிடக்க கனம் இருக்கே... தூக்கத்துல அது ஒரு பெருமூச்சு விடும். அப்ப எனக்கு நெஞ்சு நின்னு நின்னு ஓடுது. இதெல்லாம் இருக்குன்னே எனக்குத் தெரியாது டாக்டர்."

"இது தொத்துநோய். உங்க ரத்தத்துல இருந்து இன்னொரு கொசு எடுத்துட்டுப் போச்சுன்னா, இன்னொரு வீட்டுல ஒருத்தர் சாகலாம்."

"தெரியும். வலைக்குள்ளயே இருந்துக்கிடுதேன். கக்கூசுக்குக்கூட சாயங்காலம் போக மாட்டேன். திங்கக்கிழமை முழுங்கிருதேன். அக்கா மேல ஆணை."

ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்த தனி அறை அது. ஃபௌசியா திங்கட்கிழமை வரை தவணை கொடுத்தாள். கொடுத்திருக்கக் கூடாது என்று அவளுக்கே தெரியும்.

சனிக்கிழமை செல்வின் வந்தான். வெளிநோயாளிகள் வரிசையில் சீட்டு வாங்கி, முறைப்படி காத்திருந்து உள்ளே வந்தான். ஒல்லி, வெயிலில் கறுத்த முகம். கூட மகள். பச்சை கவுன், முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

"உடம்புக்கு என்ன?" என்று கேட்டாள் ஃபௌசியா.

"எனக்கு ஒண்ணுமில்ல மேடம். சுகிர்தா வீட்டுக்காரன். டிவில சொன்னாவ. பேர் சொல்லல. ஆனா வாய்க்கால் தெரு, பெண் குழந்தை, பேருந்து நிலையம்னு சொன்னாவ. எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"நான் அதைப் பத்திப் பேச முடியாது செல்வின்."

"நீங்க பேச வேண்டாம். நான் பேசுதேன். சரியா தப்பான்னுகூடச் சொல்ல வேண்டாம்." அவன் மகளைப் பார்த்தான். அவள் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி இறங்கி விளையாடிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தினான். "நான் அவளை அடிச்சது கிடையாது மேடம். பேச மாட்டேன். ஏதாவது சண்டைன்னா வாயை மூடிருவேன். ஒரு தடவை நாப்பது நாள் பேசல. ஒரே வீட்டுக்குள்ள. சோறு போடுவா, சாப்பிடுவேன், தட்டைக் கழுவி வச்சிட்டுப் போயிருவேன். எங்க அப்பாவும் அப்படித்தான். அது ஒரு கொடுமைன்னு எனக்குத் தெரியாது."

கையிலிருந்த சீட்டை நாலாக மடித்துவிட்டுத் தொடர்ந்தான்.

"ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தா ஆள் இல்ல. பிள்ளையும் இல்ல. பீரோல பாதித் துணி இல்ல. ஓடினேன். செருப்பு மாட்டணும்னுகூடத் தோணல. சித்திரை வெயிலு. பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்திருந்தா. சோடாக் கடை மறைவுல நின்னுட்டேன். கூப்பிடணும். வாய் வரல மேடம். நாப்பது நாள் மூடின வாய். பஸ் வந்துச்சு. கண்டக்டர் விசில் அடிச்சார். எனக்கு உயிர் போச்சு. அவ ஏறல. பஸ் போயிட்டு. அவ எந்திரிச்சு வீட்டுப் பக்கம் நடந்தா. நான் குறுக்குச் சந்துல ஓடி, அவளுக்கு முன்ன வீட்டுக்குப் போய் உட்கார்ந்துட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் பேச ஆரம்பிச்சேன். அன்னைல இருந்து ஒரு நாள்கூடப் பேசாம இருந்ததில்ல. நாலு வருசம் நல்லா இருந்தோம். ஆனா அதை மட்டும் கேக்கல. ஏன் ஏறலன்னு கேக்கணும்னு தினமும் நினைப்பேன். கேட்டா, நான் பாத்தது தெரிஞ்சுரும். பாத்தும் கூப்பிடாம நின்னது தெரிஞ்சுரும். நாளைக்குக் கேப்போம், நாளைக்குக் கேப்போம்னு... போயிட்டா." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பிள்ளைக்காக ஏறாம இருந்தாளா, காசு இல்லாம இருந்தாளா, இல்ல என் மேல கொஞ்சமாவது... அது தெரியாம என்னால இருக்க முடியல. அந்த ஞாபகம் உள்ளவங்க யாராவது இருந்தா ஒரே ஒரு தடவை கேட்டுட்டுப் போயிருதேன்."

இருந்தார் ஒருவர். திங்கட்கிழமை காலை வரை இருப்பார்.

ஃபௌசியா அன்று முழுவதும் யோசித்தாள். சுகிர்தாவின் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தாள். ரகசியம் என்று காப்பாற்ற அதில் பாதிதான் மிச்சம். மறுபாதியை இவன் அன்றே கண்ணால் பார்த்துவிட்டான். அந்த எட்டு நிமிடத்தில் அவன் கேட்கும் பதில் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். விசிலோடு முடிந்துவிடும் ஞாபகம் அது. பதில் இல்லை என்று தெரிந்துகொண்டாவது இவன் வீட்டுக்குப் போகட்டும் என்று தோன்றியது. மாசானத்திடம் கேட்டாள். அவர் "வரச் சொல்லுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் செல்வின் வந்தான். விட்டுவர ஆள் இல்லாததால் சிபாவும் வந்தாள். உள்ளே நுழைந்ததும் மாசானத்தின் பார்வை குழந்தை மேல் விழுந்தது. அவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எம்மா... இவ்வளவு வளந்துட்டாளா" என்றார்.

பேச்சியம்மாள் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"நீங்க யாரு?" என்று கேட்டாள் சிபா.

"நான் பொக்லைன் ஓட்டுத மாமா. மஞ்சள் வண்டி பாத்திருப்பியே, மண்ணு அள்ளுமே."

"எங்க வீட்டுக்கிட்ட வந்துச்சே!"

"அதேதான்."

அவ்வளவில் அவள் திருப்தியாகி, பேச்சியம்மாள் கொடுத்த பிஸ்கட்டோடு மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். மாசானம் அவளைத் தொடவில்லை. தொட்டுவிடக் கூடாதென்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

செல்வின் முந்தின நாள் ஃபௌசியாவிடம் சொன்னதை எல்லாம் இன்னொரு தடவை அவரிடம் சொன்னான். நாற்பது நாள், பீரோ, செருப்பில்லாத கால், சோடாக் கடை, விசில். சொல்லி முடித்துவிட்டு, "அண்ணாச்சி, அவ ஏன் ஏறல?" என்றான்.

மாசானம் கண்ணை மூடினார். ஃபௌசியா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது, 'அதோட முடிஞ்சு போச்சு தம்பி, தெரியல' என்று சொல்வார். மற்ற ஆறு பேரும் அப்படித்தான் சொன்னார்கள். இவரும் முதல் நாள் அப்படித்தான் சொன்னார்.

"பஸ்ஸுல கண்ணாடி இருக்குல்லா" என்றார் மாசானம், கண்ணைத் திறக்காமல். "பக்கக் கண்ணாடி. அதுல நீங்க தெரிஞ்சிய."

செல்வின் ஓரடி முன்னால் வந்தான்.

"தார் ரோட்டுல வெறுங்கால்ல நிக்க முடியாம, ஒத்தக்கால மாத்தி மாத்தித் தூக்கிக்கிட்டு நின்னிய. கொக்கு மாதிரி. அதைப் பாத்ததும் அந்தத் தங்கச்சிக்குச் சிரிப்பு வந்துட்டு."

"சிரிச்சாளா?"

"வெளிய சிரிக்கல. உள்ளுக்குள்ள. கோவம் எல்லாம் அப்படியே இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா சிரிப்பு வந்துட்டு. இந்த மனுசன் செருப்புகூட இல்லாம ஓடி வந்திருக்கானே, வாயத் திறந்து ஒரு வார்த்தை கூப்பிடத் தெரியலயேன்னு. அதுக்கப்புறம் பஸ் ஏற முடியல. அவ்வளவுதான் தம்பி."

செல்வின் தரையில் உட்கார்ந்துவிட்டான். உள்ளங்கால்களைக் கையால் தடவிப் பார்த்தான், ஏதோ இப்போதுதான் சுட்டது போல.

"அன்னைக்குச் சாயங்காலம் கால் ரெண்டும் கொப்புளிச்சுப் போச்சு" என்றான். "கத்தாழையக் கீறி வச்சிக் கட்டிவிட்டா. எப்படி ஆச்சுன்னு அவ கேக்கவே இல்ல அண்ணாச்சி. ஏன் கேக்கலன்னு நான் யோசிச்சதே இல்ல. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு!"

அவன் வாய்விட்டு அழுதான். சிபா பிஸ்கட்டை வைத்துவிட்டு வந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அம்மாவ நினைச்சு அழுதியாப்பா?" என்றாள். "ஆமாட்டி, அம்மாதான். அம்மா என்னைப் பாத்துச் சிரிச்சிருக்கா" என்று அவன் அவளிடம் சொன்னான். அழுகையும் சிரிப்புமாகச் சொன்னான்.

அவர்கள் போன பிறகு மாசானம் தண்ணீர் கேட்டார். "திங்கக்கிழமை வரைக்கும் வேண்டாம் டாக்டர். மாத்திரையை இப்பவே குடுங்க" என்றார். "இன்னும் ஒரு தடவை அவளைப் பாத்தேன்னா என்னால முடியாது."

ஃபௌசியா ஒரு குழாய் ரத்தம் எடுத்துவிட்டு, முதல் மாத்திரையைக் கொடுத்தாள். அவர் விழுங்கிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி, இடது தோளைக் கையால் பொத்திக்கொண்டு படுத்தார். மூன்றாம் நாள் குழந்தையின் முகம் போய்விட்டது என்றார். நாலாம் நாள் பஸ் போய்விட்டது. கடைசியாகப் போனது அந்தக் கனம். ஐந்தாம் நாள் காலையில் பேச்சியம்மாள் கேட்டதற்கு, "ஒண்ணுமில்லக்கா. தோள் சும்மா இருக்கு" என்றார்.

ஆறு வாரம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தார். உடம்பு தேறியிருந்தது. வேறொரு கண்மாயில் வேலை என்றார். ரத்தத்தில் கிருமி இல்லை. ஃபௌசியா கை கால் அசைவுகளைச் சோதித்துக் குறித்துக்கொண்டாள். பிறகு பேனாவை மூடிவைத்தாள்.

"செல்வின் போன வாரம் வந்திருந்தார். பொண்ணைப் பள்ளிக்கூடத்துல சேர்த்தாச்சாம். ரொம்பத் தெளிவா இருந்தார்."

"நல்லது டாக்டர்."

"ஒண்ணு கேக்கணும். மத்த ஆறு பேருக்கும் விசிலோட முடிஞ்சுது. உங்களுக்கும் அப்படித்தான்னு முதல்ல சொன்னீங்க. அந்தக் கண்ணாடி, அந்தச் சிரிப்பு... அது நிஜமாவே உங்களுக்குள்ள இருந்துச்சா?"

மாசானம் ஜன்னல் வழியே வெளியே, வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்தார்.

"அதைத்தான் நானும் நினைச்சு நினைச்சுப் பாக்கேன். அவன்கிட்டச் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கு. கொக்கு மாதிரின்னு சொன்னது, அவன் கீழ உட்கார்ந்தது, பிள்ள பிஸ்கட்டக் கீழ வச்சது எல்லாம் இருக்கு. அது என் ஞாபகம்லா, அது போகல. ஆனா அதைப் பாத்துச் சொன்னேனா, இல்ல அவன் மூஞ்சியப் பாத்துச் சொன்னேனா, அது தெரியல. கண்ணாடி அங்க இருந்துச்சான்னு தேடிப் பாத்தா, பஸ்ஸே இல்ல. மருந்தோட போயிட்டு."

"பொய்யா இருக்கலாம்னு நினைக்கிறீங்களா?"

"நான் பொய் சொல்லுதவன் இல்ல டாக்டர். அக்காகிட்டக் கேட்டுப் பாருங்க. ஆனா அன்னைக்கு அந்தப் பிள்ள ஸ்டூல்ல உட்கார்ந்திருந்துச்சு. அது முன்னால வேற என்ன சொல்லியிருப்பேன்னும் தெரியல." அவர் அவள் முகத்தை நேராகப் பார்த்தார். "இனிமே அதைத் தெரிஞ்சுக்கிட ஏதும் வழி இருக்கா?"

இருந்தது. கீழ்த்தளத்து உறைபெட்டியில், முதல் மாத்திரைக்கு முன் எடுத்த அவர் ரத்தம் ஒரு குழாயில் இருந்தது. அதில் அந்த எட்டு நிமிடங்களும் உயிரோடு இருந்தன. எட்டுக்கு மேல் இருந்தால் அதுவும். அழிப்பதற்கான உத்தரவு வந்து பத்து நாள் ஆகியும் ஃபௌசியா அதில் கையெழுத்துப் போடவில்லை. தன் கையிலேயே ஒரு ஊசி, ஒரு வாரக் காய்ச்சல், அப்புறம் ஐந்து நாள் மாத்திரை. பிழைத்தால் தெரிந்துவிடும். இரண்டு தடவை அவள் அந்தப் பெட்டி வரை போய், கதவில் கை வைத்துவிட்டுத் திரும்பியிருந்தாள்.

"இல்லை" என்றாள்.

"அப்ப சரி" என்றார் மாசானம். எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வெளியே காத்திருந்த அக்காவிடம் போனார்.

ஃபௌசியா அடுத்த நோயாளியைக் கூப்பிடவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து அந்த உத்தரவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.